சுகர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், இனி என்ன செய்வது? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

அண்மையில் சர்க்கரை நோய் என்று தெரியவந்தவர்களுக்காகவும், அவர்கள் வீட்டில் சமைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மருத்துவமனையில் கையில் கொடுக்கும் உணவுத் தாளில் பல நேரம் ஓட்ஸும் கோதுமைப் பிரட்டும்தான் இருக்கும். நம் வீட்டு அடுப்பில் இருப்பதோ களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம். அந்தத் தாளைப் பார்த்ததும் 'இது நமக்கு ஆகாது' என்று மடித்து வைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். உண்மையில் நம் சாப்பாட்டை விட்டுவிட வேண்டிய அவசியமே இல்லை. தட்டில் எது எவ்வளவு என்பதை மாற்றினால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

முதலில் எண்கள்

முகாமிலோ மருந்துக் கடையிலோ விரலில் குத்திப் பார்த்த ஒரே ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கையிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்த்த அளவுதான் நோயை உறுதி செய்யும். குறைந்தது 8 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூன்று மாத சராசரி எனப்படும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்தைத் தொட்டாலோ சர்க்கரை நோய் என்று கொள்கிறார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு சோதனை போதாது, இரண்டாவது சோதனையும் அதையே காட்ட வேண்டும்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது சராசரி 5.7 முதல் 6.4 வரை வந்தால் எல்லையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அதை 'கொஞ்சம்தான் இருக்கு' என்று விட்டுவிடக் கூடாது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2006-ல் வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம்மைப் போலவே சோறும் இட்லியும் சாப்பிடுபவர்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நோய் உறுதியானவர்களுக்குப் பொதுவான இலக்கு இதுதான்: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 180-க்குள், மூன்று மாத சராசரி 7-க்குள். வயதானவர்களுக்கும் சிறுநீரகம், இதயம் பாதித்தவர்களுக்கும் மருத்துவர் வேறு இலக்கு சொல்வார், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் நடக்கும் குழப்பங்கள் சில. அந்த 2 மணி நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண் காட்டினால் மருத்துவர் தவறான மருந்தளவு எழுதுவார், கஷ்டம் உங்களுக்குத்தான். அப்புறம், ரத்தசோகை இருந்தால் மூன்று மாத சராசரி உண்மையைவிடக் கூடவோ குறையவோ காட்டலாம். நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

செலவுக்குப் பயந்து சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதன்படி பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சோதிக்கிறார்கள், தொடர் மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் பெயர் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டு வையுங்கள்.

களி உருண்டையில் இருக்கும் கணக்கு

'ராகி சாப்பிட்டா சுகர் ஏறாது' என்று நம் ஊரில் ரொம்ப உறுதியாகச் சொல்வார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் பாதிதான் சரி. 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 67 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். கேழ்வரகின் பலம் நார்ச்சத்தில் இருக்கிறது. 100 கிராமுக்கு 11 கிராம், அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அதனால் சர்க்கரை மெதுவாக ஏறும். ஏறாது என்று அர்த்தமில்லை.

எங்கள் வீட்டில் அம்மா களி கிண்டும் விதம் இது. உலை கொதித்ததும் ஒரு கை அரிசி நொய்யைப் போட்டு வேகவிடுவார். நொய் மலர்ந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு மூடி வைப்பார். மாவு வெந்த வாசனை வந்ததும் பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கட்டியில்லாமல் கிளறி, தண்ணீர் தொட்ட கையால் உருட்டி வைப்பார். அந்த உருண்டை ஒன்று 400 கிராமுக்குக் குறையாது. அதற்குள் கிட்டத்தட்ட 130 கிராம் மாவு, அதாவது 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. நொய் இதில் சேரவில்லை. சர்க்கரை உள்ள பெரும்பாலானவர்களுக்கு ஒரு வேளைக்கு அதில் பாதி போதும்.

தாத்தா காலத்தில் அந்த உருண்டையைத் தின்றுவிட்டுக் கவலை ஏரும் (மாடு கட்டிக் கிணற்று நீர் இறைப்பது) உழவு ஏரும் ஓட்டினார்கள். இன்று டிராக்டர் உழுகிறது, மோட்டார் தண்ணீர் இறைக்கிறது, வயல் கொல்லைக்குப் போகவும் பைக் இருக்கிறது. உருண்டை மட்டும் அதே அளவில் நிற்கிறது.

எனவே, களியை நிறுத்த வேண்டாம், உருண்டையைச் சின்னதாக்குங்கள். ஆளுக்கு 60 கிராம் மாவு என்று அளந்து கிண்டினால் உருண்டை கிரிக்கெட் பந்து அளவுக்கு வரும். முதல் சில நாள் தராசில் நிறுத்துப் பாருங்கள், பிறகு கை பழகிவிடும். அரிசி நொய்யைக் குறைத்துவிடுங்கள், அல்லது அதற்குப் பதில் கொஞ்சம் சாமை நொய் போடுங்கள். மாவை நைசாகச் சலிக்காமல் தவிட்டோடு வையுங்கள். உருண்டை சின்னதான இடத்தைக் கீரைக் கடைசலாலும் பயறாலும் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் நான்கு மணிக்கே பசித்து பேக்கரிக்குப் போய் நிற்பீர்கள். குழம்பை ஊற்றி விழுங்குகிற சாப்பாடு மாறி, கடைசல் பெரிதாகவும் களி சிறிதாகவும் இருக்கிற சாப்பாடாக வேண்டும்.

கூழில் கவனம் கூடுதலாக வேண்டும். களியை உட்கார்ந்து சாப்பிடுகிறோம், கூழை ஒரே மூச்சில் சொம்போடு குடித்துவிடுகிறோம். மோர் நிறைய ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். ஆடி மாதம் கோயிலில் ஊற்றும் கூழையும் அப்படியே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம். வெல்லம் போட்ட ராகி மால்ட், ராகி பிஸ்கட் இவையெல்லாம் ராகி என்ற பெயரில் வரும் இனிப்புகள்.

தட்டைப் பிரிக்கும் முறை

சோறு, இட்லி, சப்பாத்தி, சாமை எதுவானாலும் முறை ஒன்றே. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி போன்றவை, மீதிக் கால் பங்குதான் மாவுப் பொருள். வெந்த சோறு என்றால் ஒரு சாதாரண டம்ளர் அளவு. கீரையையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறும். செலவில்லாத வித்தை இது, இன்றைக்கே தொடங்கலாம்.

நம் மாவட்டங்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. மழைக்குப் பிறகு கொல்லையில் பண்ணைக் கீரை, குமிட்டிக் கீரை தானாக முளைக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் முட்டைக்கோஸும் பீன்ஸும், ராயக்கோட்டையில் தக்காளியும் விளைகின்றன. கொள்ளும் மொச்சையும் அவரையும் நம் மானாவாரி நிலத்துப் பயிர்கள். கிருஷ்ணகிரி அணை மீனோ ஒகேனக்கல் மீனோ கிடைத்தால் குழம்பாக வையுங்கள், எண்ணெயில் மூழ்க வறுப்பதை எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள்: குச்சிக்கிழங்கு (மரவள்ளி). உருளை, சர்க்கரைவள்ளி, சவ்வரிசியும் அப்படியே. இவை சோற்றின் இடத்தில் வர வேண்டியவை. சோற்றுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் தொட்டுக்கொள்வது சோற்றுக்குச் சோறே தொட்டுக்கொள்வதுதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போகாதீர்கள். வீட்டில் சண்டை வரும், இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். முதல் வாரம் ஒன்றையும் மாற்றாமல் சாப்பிடுவதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள், டீயும் வடையும் உட்பட. அதைப் பார்த்தாலே எங்கே குறைக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த வாரம் இரவுச் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள். தனிச் சமையல் வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் இதே சாப்பாடுதான் என்று வையுங்கள். பிள்ளைகளுக்கும் நல்லதே.

டீ, வெல்லம், மாம்பழம்

கடை டீ ஒன்றுக்கு 2 தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்தால், நாளுக்கு 5 டீ குடிப்பவர் 10 தேக்கரண்டி, அதாவது 40 கிராமுக்கு மேல் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கிறார். பலருக்குச் சோற்றைவிட முதலில் சரி செய்ய வேண்டியது இதுதான். 'அண்ணா, சர்க்கரை இல்லாம ஒரு டீ' என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இப்போது எந்தக் கடையிலும் அது புதிதல்ல. ஒரேயடியாக முடியாவிட்டால் வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான். வெல்லம் காய்ச்சும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 'நாட்டு வெல்லம் உடம்புக்கு நல்லது' என்று சொல்லி யாராவது காபியில் போட்டுக் கொடுத்தால், அன்பாக மறுத்துவிடுங்கள்.

மாம்பழம் பற்றிக் கேட்காத நோயாளி கிருஷ்ணகிரியில் இல்லை. மே, ஜூனில் தெருவெல்லாம் மல்கோவாவும் செந்தூராவும் பெங்களூராவும் குவிந்து கிடக்கும்போது ஒரு துண்டுகூடக் கூடாது என்றால் யார் கேட்பார்கள்? சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் 100 கிராம் அளவு, அதாவது சில துண்டுகள் சாப்பிடலாம். அதில் 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். சாப்பாட்டோடு சேர்க்காமல் காலை 11 மணிக்கோ மாலையிலோ, வேறு தின்பண்டம் இல்லாமல் சாப்பிடுங்கள். ஒரு மல்கோவா அரைக் கிலோவையும் தாண்டும். 'ஒரு பழம்தானே' என்பது அங்கே செல்லாது. சாறாகவும் கூழாகவும் வேண்டவே வேண்டாம். பெங்களூராக் காயை உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்பதில் இந்தச் சிக்கல் இல்லை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம். நாளுக்கு அரை மணி நேரம் வீதம் 5 நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், அந்த வேகம். காலையில் நேரம் இல்லாதவர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு 10 அல்லது 15 நிமிடம் நடந்தால் போதும். குறிப்பாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பது ஏறப்போகும் சர்க்கரையை அப்போதே பிடித்துவிடும். சாப்பிட்டதும் டிவி முன்னால் சாய்வதுதான் நம்மை அதிகம் கெடுக்கிறது.

'நான் கொல்லையில் வேலை செய்கிறேனே' என்பார்கள். களை எடுப்பதும் தண்ணீர் கட்டுவதும் உழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அது வருடத்தில் சில மாதம். வேலை இல்லாத மாதங்களில் நடை வேண்டும். தசைக்கும் வேலை கொடுங்கள்: நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, மாடிப்படி ஏறுவது. தசை வலுவானால் சர்க்கரையை அதுவே எடுத்துச் செலவழிக்கும். உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள் எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைத்தாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஓசூரில் ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இரவு ஷிஃப்ட் என்றால் பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் கேன்டீன் போண்டாவுக்குப் பதில் வேகவைத்த சுண்டலோ முட்டையோ கையில் கொண்டு போங்கள். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் மாத்திரையும் இன்சுலினும் எந்த நேரத்தில் என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள்.

மாத்திரையும் பொடிகளும்

சாப்பாடும் நடையும் சரியானால் மாத்திரை குறையலாம், ஆரம்பத்திலேயே எடை நன்றாகக் குறைத்த சிலருக்கு மருத்துவரே நிறுத்தியும் விடுவார். நிறுத்துவது அவர் வேலை. எண் நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக விட்டால், அந்த நல்ல எண்ணைக் கொடுத்ததே மாத்திரைதான் என்பது சில வாரங்களில் தெரியவரும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் பழகிவிடும், இல்லாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி, சிறுகுறிஞ்சான், வெந்தயம் இவற்றைச் சேர்க்க விரும்பினால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேட்டு எடுங்கள், அங்கே என்ன தந்தார்கள் என்பதை உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் 'முழுசா குணமாகும்' என்று விற்கும் பொடியை வாங்காதீர்கள்.

கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, பேச்சுக் குழறல். 70-க்குக் கீழே என்றால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். கொல்லையில் தனியாக வேலை செய்பவர்கள் சர்க்கரைப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும்.

மலைக்கிராமங்களில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலினை ஒரு மண்பானைக்குள் வைத்து, அதைப் பெரிய பானையில் ஈர மணலுக்கு நடுவே வைத்து நிழலில் காப்பாற்றலாம். திறந்த குப்பி ஏறத்தாழ 28 நாள் வரை தாங்கும். ஐஸ் உறையும் தட்டில் மட்டும் வைக்கவே கூடாது.

கால்

சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். முள் குத்தினாலும் தெரியாது. தினமும் படுக்கும் முன் பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். கொல்லைக்கு வெறுங்காலில் போகாதீர்கள். கால் ஆணியைப் பிளேடால் வெட்டாதீர்கள்.

திரௌபதி அம்மன் கோயில் தீமிதி நம் ஊர்களில் எவ்வளவு பெரிய நேர்த்திக்கடன் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாதம் மரத்துப்போனவர்கள் இறங்கக் கூடாது என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சுட்டது தெரியாது, புண் ஆறாது, விரலை எடுக்கும் வரை போய்விடும். வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றக் கோயில் பெரியவர்களே வழி சொல்வார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, அப்புறம் அவசரத்துக்கு

கண்ணின் விழித்திரைச் சோதனை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கொழுப்பு, பாத உணர்ச்சிச் சோதனை. இவை ஐந்தும் வருடத்துக்கு ஒரு முறையாவது. மங்கலாகத் தெரிந்த பிறகுதான் கண்ணைப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும், விழித்திரை வலியில்லாமலே கெடும். மூன்று மாத சராசரியைக் கட்டுக்குள் வரும் வரை 3 மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள், பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை போதும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள், சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் காலின் ரத்தக் குழாய்கள் சீக்கிரம் அடைபடும்.

சர்க்கரை 300-ஐத் தாண்டி வாந்தியோ மூச்சு வாங்குவதோ அரைமயக்கமோ இருந்தால், பாதப் புண் கறுத்தாலோ நாற்றம் எடுத்தாலோ, காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சு வலியே இல்லாமல் வரும். திடீர் வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். கிளம்பும்போது மாத்திரை அட்டைகளையும் சாப்பாடு எழுதிய நோட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்கு எடுத்தார், எப்போது சாப்பிட்டார் என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதலில் சொல்லுங்கள்.